பிளஸ் டூ பிள்ளையின் பெற்றோருக்குச் சம்பளத்தோடு மூன்று நாள்

மே மாதம் பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலையில் திருப்பூர் மாவட்டம் தலை நிமிர்ந்து நிற்கிறது. 2020-இல் 97.12 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம். 2023-இல் விருதுநகருக்கு அடுத்தபடியாக இரண்டாமிடம். 2024-இல் மாநிலச் சராசரி 94.56 ஆக இருந்தபோது 97.45 சதவீதத்துடன் மறுபடியும் முதலிடம். 2025-இல் மூன்றாமிடம். பனியன் கம்பெனிக்குப் போய்ப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டுகிறது. தாயும் தகப்பனும் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் ஊரில், ஒற்றை அறை லைன் வீட்டில், தானே சோறு வடித்து, தம்பி தங்கைக்கும் போட்டுவிட்டு, தானே படித்துத் தேறும் பிள்ளைகள் இவர்கள். அவர்களையும், சனி ஞாயிறு பாராமல் அவர்களை உட்கார வைத்துப் படிக்க வைத்த ஆசிரியர்களையும் மனம் நிறைந்து பாராட்டுகிறோம்.

பாராட்டோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. தேறிய பிள்ளையைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைத் திருப்பூர் தன் வேலையாக நினைப்பதில்லை. பள்ளிக்கூடம் தேர்ச்சியோடு தன் கடமை முடிந்தது என்கிறது. வீட்டில் விவரம் தெரிந்தவர் இல்லை. கம்பெனிக்கோ அது சம்பந்தமில்லாத சங்கதி. சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். ஆண்டுக்குச் சுமார் நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் தொழில், தனக்காகத் தைக்கிறவரின் பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டிய நாளில் அந்தத் தாயை மெஷினை விட்டு எழ விடுவதில்லை. இது தவறு. நேரம் போதாததால் நேர்ந்த தவறு அல்ல, மனம் இல்லாததால் நேர்கிற தவறு.

மார்ச் கடைசியில் தேர்வு முடிகிறது. மே முதல் வாரம் முடிவு வருகிறது. இடைப்பட்ட ஐந்தாறு வாரத்தில் ஊரின் எந்தக் கம்பெனித் தெருவிலும் புதுக் கைமடிகளைப் பார்க்கலாம். தைத்து விழும் பீஸை எடுத்து அடுக்கிக் கட்டுவது, பிசிறு வெட்டுவது, கட்டிங்கிலிருந்து பண்டல் தூக்கி வந்து கொடுப்பது இவர்களுடைய வேலை. விடுமுறையில் இரண்டு மாதம் வேலைக்குப் போவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. கல்லூரிக்குப் போட இரண்டு நல்ல சட்டை, பஸ் செலவு, ஒரு பழைய செல்போன் என்று அந்தக் காசுக்கு நியாயமான தேவைகள் உண்டு. பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் வெளிநாட்டு வாங்குவோரின் விதிகளுக்கு அஞ்சி 18 வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை. சந்துக்குள் இருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் வயதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. பிள்ளைகள் போய் நிற்பது அங்கேதான்.

குற்றம் மே மாதத்தில் ஆரம்பிக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு மே முதல் வாரத்தில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணையப் பதிவு மே மாதத்துக்குள்ளேயே ஏறக்குறைய முடிந்துபோகிறது. அதே நேரத்தில் யூனிட்டில் ஏதாவது ஒரு ஆர்டருக்குக் கப்பல் தேதி நெருங்கியிருக்கும். “இந்த லாட் போகட்டும்டா, அப்புறம் போய்க்கலாம்” என்பார் சூப்பர்வைசர். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் லாட் போன பின் அடுத்த லாட் வந்துவிடும், பதிவுத் தேதி திரும்பி வராது. சனிக்கிழமை சாயங்காலம் கையில் விழும் சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்த பிள்ளைக்கு வீட்டில் புது மரியாதை கிடைத்திருக்கும். ஜூலையில் கூடப் படித்தவன் கல்லூரிக்குப் போகிறான், இவன் கைமடியிலிருந்து சிங்கர் மெஷினில் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறான். தீபாவளி போனஸ் வாங்கியபின் அவனைப் படிக்கக் கூப்பிடுவோர் யாரும் இல்லை. யாரும் அவனை நிறுத்தவில்லை என்பது உண்மைதான். அவனுக்காக ஒரு காலைப் பொழுதை யாரும் ஒதுக்கவில்லை என்பதும் உண்மை.

படித்த வீட்டில் இந்த விண்ணப்ப வேலையின் பளு தெரியாது. அங்கே அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினி முன்னால் உட்கார்ந்தால் முடிந்துபோகிற காரியம் அது. முதல் தலைமுறைக் குடும்பத்துக்கு அது ஒரு மாத அலைச்சல். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், தேவைப்பட்டால் இருப்பிடச் சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். பதிந்தது கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், அவரிடமிருந்து தாசில்தார். நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் குடும்பத்தில் வேறு யாரும் பட்டம் வாங்கவில்லை என்று எல்லோரும் சேர்ந்து உறுதிமொழி கொடுக்க வேண்டும். அது கைக்கு வந்தால் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. தவறினால் அந்தச் சுமை பெற்றோரின் தலையில் விழும்.

இந்த அலுவலகங்கள் எல்லாம் பகலில் திறந்து சாயங்காலம் மூடுகின்றன. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடிகிறது. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அரை நாள் விடுப்பு என்று ஒன்று கிடையாது. எழுந்து போனால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை, அவ்வளவுதான். ஆகவே பதினேழு வயதுப் பெண் தனியாக இ-சேவை மையத்துக்குப் போகிறாள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்று முன்னால் வருகிறாள். விவரங்களை எல்லாம் தட்டச்சு செய்தபின் ஓடிபி வருகிறது. அது போவது அப்பாவின் எண்ணுக்கு. அப்பாவின் போன் கம்பெனி வாசலில் வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது அவருடைய சட்டைப் பையில் இருந்தும் பவர் டேபிள் மெஷின்களின் சத்தத்தில் மணி கேட்கவில்லை. இரண்டு தரம் முயன்றுவிட்டு மையத்துக்காரர் அடுத்தவரைக் கூப்பிடுகிறார். அவள் ஓரமாக ஒதுங்கி, பன்னிரண்டரை மணிச் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் அப்பா போனை எடுக்கும்போது மையத்தில் இருப்பவரும் சாப்பிடப் போயிருக்கிறார். இரவு வீடு திரும்பிய அப்பா “ஆச்சாம்மா?” என்று கேட்டால், “நாளைக்கு வரச் சொன்னாங்கப்பா” என்கிறாள். மறுநாளும் இதே கதைதான்.

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. திருப்பூரில் தைப்பவர்களில் பெரும்பகுதியினர் இந்த ஊர்க்காரர்கள் அல்லர். தேனி, மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பதினைந்து வருடம் இங்கே வாடகை வீட்டில் இருந்தும் ரேஷன் கார்டைச் சொந்த ஊரில் வைத்திருப்பவர்கள் ஏராளம். சான்றிதழ் வாங்க உசிலம்பட்டிக்கோ முதுகுளத்தூருக்கோ போயாக வேண்டும். போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, நடுவில் அலுவலர் இருக்கிறாரா இல்லையா என்பது அதிர்ஷ்டம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு ஆதாரம் வேண்டும். குடும்பம் பிழைப்புக்காக ஊர் மாறியபோதெல்லாம் பள்ளி மாறிய பிள்ளைக்கு, அந்த ஆதாரம் மூன்று ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சிதறிக் கிடக்கிறது.

இந்த ஒதுக்கீடு சாதாரண வாய்ப்பு அல்ல. மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-இலும் வந்தது. இதில் இடம் பெறும் பிள்ளையின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. ஒரு டெய்லரின் மகன் ஒரு பைசா கட்டணம் இல்லாமல் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்டது. இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 2 ரூபாய். ஊருக்குள்ளேயே சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. பணம் இல்லை என்பதால் படிக்க முடியவில்லை என்று சொல்லும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. இன்று தடுப்பது படிவமும் தேதியும் கூட்டிப்போக ஆள் இல்லாமையும்தான்.

தகவல் கொடுத்தால் போதாதா, அதற்குத்தானே முகாம்களும் துண்டறிக்கைகளும் என்று கேட்கலாம். போதாது என்பதற்கு அழுத்தமான சான்று கடல் கடந்து கிடைக்கிறது. அமெரிக்காவில் பள்ளிக் கடைசி ஆண்டுப் பிள்ளைகள் கல்லூரி உதவித்தொகைக்கு ஃபாஃப்சா என்ற நீண்ட படிவத்தை நிரப்பியாக வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் அதிலேயே விழுந்துவிடுகிறார்கள். எரிக் பெட்டிங்கர், பிரிஜெட் டெரி லாங் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் எச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகங்களுக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்ப உதவினார்கள். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொரு பகுதியினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற விவரத்தை மட்டும் கொடுத்து, நீங்களே நிரப்புங்கள் என்று அனுப்பினார்கள். உட்கார்ந்து நிரப்பிய வீடுகளில், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கல்லூரியில் இரண்டாண்டை முடித்த பிள்ளைகளின் அளவு 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக ஏறியது. விவரம் மட்டும் வாங்கிப்போன வீடுகளில் முன்னேற்றம் இல்லை. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே இப்படி என்றால், ஓடிபிக்காக மதியம்வரை காத்து நிற்கும் ஊரில் துண்டறிக்கை என்ன செய்துவிடும்?

இனி முதலாளிகளிடம் பேச வேண்டியதைப் பேசுகிறோம். திருப்பூருக்கு ஒரு பெருமைக் கதை உண்டு. மஞ்சப்பையோடு வந்தவர், மெஷினில் உட்கார்ந்தவர், கூட்டாளி சேர்த்து நாலு மெஷின் போட்டவர், முதலாளி ஆனவர் என்ற கதை. பொய்க் கதை அல்ல. ஷரத் சாரி என்ற அறிஞர் இந்த ஊரில் தங்கி ஆராய்ந்து 2004-இல் எழுதிய நூல் முழுக்க, விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த தொழிலாளிகள் முதலாளிகளான வரலாறுதான். அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் “நான் என்ன படிச்சா இந்தக் கம்பெனியக் கட்டினேன்?” என்று பிளஸ் டூ பையனிடம் இன்று கேட்பது அவனை ஏமாற்றுவது. அந்த நாளில் நாலு மெஷினோடு தொழிலுக்குள் நுழைய முடிந்தது. இன்று ஏற்றுமதி ஆர்டர் எடுக்கச் சாயக் கழிவு விதி, வாங்குவோரின் ஆடிட், வங்கிக் கடன், கணினியில் பேட்டர்ன் என்று எத்தனையோ வாசல்களைத் தாண்ட வேண்டும். அப்படிக் கேட்கும் முதலாளியின் சொந்த மகன் எங்கே படிக்கிறான் என்று பார்த்தால், அவரே தம் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்பது விளங்கிவிடும். மெர்ச்சண்டைசர், லேப், டிசைன், அக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொரு மேசைக்கும் பட்டதாரிகளை வெளியூரிலிருந்து தேடும் தொழில், தன் டெய்லர்களின் பிள்ளைகளைக் கைமடியாக மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமில்லாத காரியம்.

நாம் கேட்பது பெரிய தொகை அல்ல. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் தாய் அல்லது தகப்பனுக்கு அந்தக் கல்வியாண்டில் மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். பொங்கல் கழிந்தபின் சான்றிதழ்களுக்கு ஒரு நாள், மே மாதம் விண்ணப்பிக்க ஒரு நாள், கல்லூரியில் சேர்க்க ஒரு நாள். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அவருடைய சராசரி நாள் வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். இருநூறு பேர் தைக்கும் கம்பெனியில் ஓராண்டில் பிளஸ் டூ எழுதும் பிள்ளை எத்தனை பேருக்கு இருக்கும்? ஷிப்ட் கணக்கில் அது உறைக்கவே உறைக்காது. இதை முதலாளியின் தயவாக விட்டுவிடக் கூடாது. 1984-இல் பஞ்சப்படிக்காக நூறு நாளுக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் உள்ள ஊர் இது. 2021-இல் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 32 சதவீத உயர்வு பேசி முடித்தார்கள். தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சம்பள ஒப்பந்தம் பேச உட்காரும்போது, இந்த மூன்று நாளை ஒரு ஷரத்தாக எழுதி வாங்க வேண்டும். இதுவரை சங்கங்கள் இதைக் கேட்காமல் இருந்தது அவர்களுக்கும் அழகல்ல.

தொழில் நசிந்து கிடக்கும்போது இது என்ன புதுச் செலவு என்று எதிர்ப்பு வரும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர்கள் தள்ளிப்போனதும், ஷிப்டுகள் குறைந்ததும் நாம் அறிந்ததுதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப் பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டபோதும் ஊர் தவித்தது. அந்தத் தவிப்பை மறுக்கவில்லை. ஆனால் வாரச் சம்பளம் பாதியானால் டெய்லர் வீட்டில் முதலில் வெட்டு விழுவது எதில் என்று எண்ணிப் பாருங்கள். பெரியவன் கம்பெனிக்குப் போகட்டும் என்ற முடிவு அந்த வாரத்தில்தான் எடுக்கப்படுகிறது. அதனால் தொழில் கஷ்டப்படும் ஆண்டில் இந்த விடுப்பு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஏற்றுமதியாளர்கள் சேர்ந்து ஒரு கல்லூரியையே கட்டியிருக்கிறார்கள், முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ. அந்தத் தொலைநோக்கு இருந்தவர்களுக்கு இது பாரமாகத் தெரியக் கூடாது. அங்கே ஆண்டுதோறும் சில இடங்களைத் தங்கள் டெய்லர்கள், செக்கிங் பெண்களின் பிள்ளைகளுக்கு முழுக் கட்டணமும் ஏற்று ஒதுக்கினால் ஊர் வாழ்த்தும்.

ஊரில் இன்னொரு கூட்டம் மே மாதம் வந்ததும் சுறுசுறுப்பாகிவிடுகிறது. கல்லூரி ஏஜெண்டுகள். விவரம் தெரியாத வீடாகப் பார்த்து உள்ளே நுழைவார்கள். “நல்ல காலேஜுங்க, ஹாஸ்டல் ஃப்ரீ, நான் பாத்துக்கறேன்” என்பார்கள். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் அசலாகக் கையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளை கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்து வெளியேற நினைத்தால் அசல் திரும்பி வராது, அல்லது பணம் கட்டினால்தான் வரும். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. அந்த உத்தரவை மீறிப் பிள்ளையின் எதிர்காலத்தை அடமானம் பிடிப்பது அப்பட்டமான கொள்ளை. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு தன் மாணவரின் பெயரையும் செல்போன் எண்ணையும் ஏஜெண்டுக்குக் கொடுக்கும் ஆசிரியர் எங்காவது இருந்தால், அவர் அந்த ஏஜெண்டைவிடக் கீழானவர். கடன் தேவைப்படும் வீடுகளும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது. கந்து வட்டிக்கு வாங்கி ஏஜெண்டிடம் கட்டும் முன் பாஸ் புத்தகம் இருக்கும் வங்கிக் கிளைக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள்.

பிரவுசிங் சென்டர்களில் நடப்பதும் கவலை தருகிறது. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் கணக்கிட்டுத் தரவரிசை தருகிறார்கள். அதன்பின் பிள்ளை தனக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் பதிய வேண்டும். எந்த வரிசையில் பதிகிறோமோ அந்த வரிசையில்தான் இடம் பார்ப்பார்கள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் பதியலாம். இது தெரியாமல், வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவே “எந்தக் காலேஜ் போடட்டும்?” என்று சென்டர்காரர் கேட்க, “ஏதாச்சும் போடுங்கண்ணா” என்று சொல்லிவிடுகிறது பிள்ளை. நாலு வருடப் படிப்பும் அதற்குப் பின்னான வாழ்க்கையும் அந்த ஒரு பதிலில் தீர்மானமாகிவிடுகின்றன. அரசே இலவசமாக நடத்தும் உதவி மையங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே போனால் நிதானமாகச் செய்யலாம். அதற்கும் கூடப் போக ஒரு பெரியவர் வேண்டும், அவருக்கு ஒரு பகல் வேண்டும்.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அவர்களுடைய களைப்பைப் புரிந்துகொள்கிறோம். ஆனால் மகளுக்குப் படிப்பு எதற்கு, இரண்டு வருடம் கம்பெனிக்குப் போனால் கல்யாணச் செலவுக்கு ஆகும் என்ற கணக்கை மன்னிக்க முடியாது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இந்த வட்டாரத்து நூற்பாலைகள், திருமணத்துக்கு மொத்தத் தொகை தருகிறோம் என்று ஆசை காட்டி, தென் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய கொடுமையை நாடே கண்டித்தது. ஆலை செய்தால் கொடுமை, அதே கணக்கை வீடு போட்டால் பாசமா? மகன்கள் விஷயம் வேறு விதத்தில் மோசம். 2024-இல் மாநில அளவில் மாணவிகள் 96.44 சதவீதம் தேறியபோது மாணவர்கள் 92.37 சதவீதம்தான். படிப்பை நழுவ விடுகிறவன் பெரும்பாலும் பையன்தான், பிடித்து இழுக்கும் கம்பெனி அவனுக்கு மிக அருகில் இருக்கிறது. பையன் தானே, எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று கை கழுவும் தகப்பன், அவன் நாற்பது வயதில் முதுகு வலியோடு அதே மெஷினில் உட்கார்ந்திருப்பதைக் காண வேண்டியிருக்கும்.

பள்ளிகளுக்கும் அரசுக்கும் நாம் சொல்வது சுருக்கம்தான், ஏனென்றால் அவர்கள் ஓரளவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், அதன் கீழ் நடக்கும் கல்லூரிக் கனவு, எங்கும் சேராமல் போனவர்களைத் தேடிப் பிடிக்கும் உயர்வுக்குப் படி முகாம்கள் எல்லாம் நல்ல முயற்சிகள். இவை வேர்விடும் முன்பே மாநிலத்தில் உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதம், அந்த ஆண்டு நாட்டின் சராசரி 28.4. வெறும் பேச்சில் வந்த எண் அல்ல அது. குறை எங்கே என்றால், சான்றிதழ் வேலையை முடிவு வந்தபின் ஆரம்பிக்கிறார்கள். ஜனவரியிலேயே வருவாய்த் துறை மேல்நிலைப் பள்ளி வளாகத்துக்கு வந்து, ஜெய்வாபாய், நஞ்சப்பா, கே.எஸ்.சி. போன்ற பெரிய பள்ளிகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும். வெளி மாவட்ட விலாசம் உள்ள பிள்ளைகளின் மனுவை இங்கேயே வாங்கி, அந்தந்த வட்டாட்சியருக்கு அனுப்பிச் சான்றிதழை இணையத்திலேயே வரவழைத்துத் தர வேண்டும். எல்லாம் இணைய வழி என்று ஆனபின் குடும்பத்தைப் பஸ் ஏற்றி அனுப்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. பள்ளிகள், தேர்ச்சி சதவீதத்தைப் பேனரில் போடுவதுபோல், தேறியவர்களில் எத்தனை பேர் எந்தக் கல்லூரியில், பாலிடெக்னிக்கில், ஐடிஐயில் சேர்ந்தார்கள் என்பதையும் செப்டம்பரில் போட வேண்டும். மதிப்பெண் குறைந்த பிள்ளையை “நீ கம்பெனிக்குப் போ” என்று வழியனுப்பும் ஆசிரியர்கள், உரிய பாடப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையாவது அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு பகுதியினரைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிளஸ் டூ எழுதும் தலைமுறை வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் அவர்களும் பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம், ஆனால் பொதுப் பிரிவில்தான். இந்த ஒரு தகவல்கூட அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பது சந்தேகம். அவர்களுடைய பெற்றோர் பெரும்பாலும் காண்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவர்கள், கம்பெனியின் வருகைப் பதிவேடான மஸ்டரில் பெயரே இருக்காது. நாம் கேட்கும் மூன்று நாள் விடுப்பை மஸ்டரில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று எழுதிவிட்டால், அதிகம் தேவைப்படுகிறவர்கள் வெளியே நிற்பார்கள். அந்தக் கம்பெனியின் கூரைக்குக் கீழே தைப்பவர், மடிப்பவர், பேக்கிங் செய்பவர் யாராக இருந்தாலும், சம்பளத்தை யார் கையால் வாங்கினாலும், வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் மூன்று நாள் உண்டு என்று அந்த ஷரத்து தெளிவாக இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் கொடுக்க மறுத்தால் கம்பெனி கொடுக்க வேண்டும்.